கனவில் ஓடிய தேர்

சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனாருக்கு வைகாசி விசாகத் திருவிழாவில் தேரோட்டம். தேர் நிலைக்கு வந்து நின்றதும் தேரடியில் சிதறுகாய் போடுகிற கூட்டத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நூறு இருநூறு என்று இல்லை, ஆயிரக்கணக்கில் காய் பறக்கும். நடுவில் புகுந்து சில்லு பொறுக்குகிற பையன்கள் தலையில் துண்டைச் சும்மாடு மாதிரி சுற்றிக்கொள்வார்கள். தென்னையும் கயிறும் சோறு போடுகிற ஊர் இது. தேங்காய்க்கு இங்கே கணக்குப் பார்ப்பதில்லை.

என் அப்பத்தா அந்தத் தேரை வருஷத்துக்கு இரண்டு முறை பார்ப்பாள். ஒன்று வைகாசியில், எல்லாரோடும் சேர்ந்து. இன்னொன்று எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மார்கழிப் பனியிலும் வரும், ஐப்பசி அடைமழையிலும் வரும்.

"ராத்திரி தேர் ஓடுச்சுடா. முக்கு திரும்பையில நின்னுபோச்சு. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க ஒரு ஆளு இல்ல."

சொல்லிவிட்டுக் காப்பிகூடக் குடிக்காமல் ஒரு தேங்காயை முந்தானையில் முடிந்துகொண்டு தேரடிக்குப் போய் உடைத்துவிட்டு வருவாள். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். "ஆத்தா, அது கனவு" என்பார். அப்பத்தாவுக்குக் கோபமே வராது.

"கனவுதான். யாரு இல்லேன்னா? தேரு நின்னது நின்னதுதானப்பா."

நாங்கள் சிரிப்போம். அந்த ஒரு வாக்கியத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பே ஒருவர் வக்காலத்து எழுதி வைத்திருக்கிறார் என்பதும், அவர் எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு ஊருக்குப் பதினெட்டு முறை நடந்து வந்தவர் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

அவரிடம் போவதற்கு முன்னால் தமிழிடம் ஒரு வார்த்தை. நாம் கனவைக் 'காண்கிறோம்'. சந்தையில் மாட்டைக் கண்டாலும் கனவில் மாட்டைக் கண்டாலும் வினைச்சொல் ஒன்றுதான். 'அம்மாவை நினைத்தேன்' என்றால் அது நான் செய்த வேலை. 'அம்மா கனவில் வந்தாள்' என்றால் வந்தது அவள். நான் கூப்பிட்டதில்லை, கதவு திறந்ததுகூட இல்லை. வீடு தேடி வந்தவளுக்கு என்ன செய்வது என்பதுதான் விடிந்த பிறகு வருகிற கவலை. செத்துப்போன ஐயா கனவில் வந்து பசிக்கிறது என்றால் மறுநாள் இலை போட்டுப் படைக்கிறார்களே, அது இந்த இலக்கணத்திலிருந்து வந்த காரியம்தான். நனவு, கனவு என்று ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றி இரண்டையும் பக்கத்துப் பக்கத்து வீடாக வைத்த மொழி வேறு என்ன செய்யும்?

வள்ளுவர் காமத்துப்பாலில் கனவுக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார், 122ஆவது. அதில் பேசுகிற பெண் நனவையும் கனவையும் தராசில் வைத்துப் பார்க்கிறாள். அவனை நேரில் கண்டதும் கண்ட நேரத்துக்குத்தான் இனித்தது, கனவில் கண்டதும் கண்ட நேரத்துக்கு இனிக்கிறது, இதில் எது ஒசத்தி என்கிறாள். அடுத்த குறளில் நனவு என்ற ஒன்று இல்லாதிருந்தால் கனவில் வந்தவர் பிரிந்தே போகமாட்டார் என்று நனவின் மேலேயே பழியைப் போடுகிறாள். சிலப்பதிகாரத்தில் கண்ணகி, கோவலன், பாண்டிமாதேவி மூவரும் கெட்ட கனவு காண்கிறார்கள். மூன்றும் நடக்கின்றன.

ஆனால் இவையெல்லாம் கவிஞர்கள் சொன்னவை. கவிஞர்களுக்குக் கேள்வி கேட்பவர் கிடையாது. 'கனவில் கண்ட தேர் நிஜத் தேரா?' என்று கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்டு வழக்கு நடந்தது வேறிடத்தில்.

பிருகதாரணியக உபநிடதத்தில் கனவைப் பற்றி ஓர் இடம் வருகிறது. அந்த நிலையில் தேரும் இல்லை, தேரில் பூட்டுகிற குதிரையும் இல்லை, பாதையும் இல்லை. பிறகு தேரும் குதிரையும் பாதையும் படைக்கப்படுகின்றன. இவ்வளவுதான் செய்தி. எங்கள் ஊரில் தேருக்கு வைகாசி, மண்குதிரைக்குப் புரவி எடுப்பு என்று இரண்டுக்கும் திருவிழா உண்டு என்பதாலோ என்னவோ, முதல்முறை இதைப் படித்தபோது யாரோ எங்கள் தெருவைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. இந்த இடத்தை எடுத்துக்கொண்டு பாதராயணர் பிரம்மசூத்திரத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் சில சூத்திரங்கள் எழுதினார். சூத்திரம் என்றால் தந்தி மாதிரி, நாலைந்து சொல்தான். அதில் ஒரு சொல் 'மாயை'. சண்டை அங்கே பிடித்துக்கொண்டது.

ஆதிசங்கரர் கேட்டது ஏறக்குறைய என் அப்பாவின் கேள்வி. படுத்திருப்பவன் உடம்புக்குள் தேர் ஓட இடம் ஏது? குரு நாட்டில் படுத்தவன் கனவில் பாஞ்சால நாட்டுக்குப் போகிறான். நிஜமாகவே போயிருந்தால் பாஞ்சாலத்தில் அல்லவா விழிக்க வேண்டும்? குரு நாட்டுப் பாயிலேயே எப்படி விழித்தான்? செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும்: காரைக்குடியில் வளவுத் திண்ணையில் படுத்தவர் கனவில் கப்பலேறி ரங்கூன் போய்க் கிட்டங்கியில் பேரேடு எழுதுகிறார். கண் விழித்தால் தலைக்கு மேலே அதே தேக்கு உத்தரம். ஆகையால் கனவு வெறும் மாயை, அதில் பரமார்த்தம் ஒரு துளிகூட இல்லை என்பது சங்கரர் தீர்ப்பு. அவர் வாதத்தில் ஓட்டை கண்டுபிடிப்பது லேசில்லை.

எதிர்வழக்காடியவர் இராமானுசர். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் எட்டெழுத்தின் பொருளைக் கேட்பதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரைக் கதை. ஒரு தடவைக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பதினேழு தடவை 'போய்விட்டு அப்புறம் வா' என்ற பதிலோடு திரும்பினார். பதினெட்டாம் தடவை கேட்டதை ரகசியமாக வைத்துக்கொள்ளாமல் கோயில் உயரத்தில் ஏறி நின்று ஊருக்கே சொன்னார். இந்தப் பாதி எல்லாருக்கும் தெரியும். அதே மனிதர் ஸ்ரீபாஷ்யத்தில் கனவுக்காக வாதாடியதைப் பற்றி அந்தக் கோயில் வாசலில் பூ விற்கிறவர்கள்கூடப் பேசி நான் கேட்டதில்லை. எனக்கென்னவோ மாடத்தில் ஏறியதற்குக் குறையாத துணிச்சல் இதிலும் தெரிகிறது.

அவர் வாதம் இப்படிப் போகிறது. 'மாயை' என்றால் பொய் என்று யார் சொன்னது? அதிசயம் என்று பொருள். கனவில் வருகிற தேர் அதிசயமான தேர், ஆனால் தேர்தான். அதைப் படைத்தவர் யார்? தூங்குகிறவன் இல்லை. அவனுடைய இயல்பான சக்தி இந்தப் பிறவியில் மூடிக் கிடக்கிறது. அதோடு அவனே படைப்பதாக இருந்தால் தன் தலை வெட்டுப்படுகிற கனவை ஒருவன் தனக்குத்தானே படைத்துக்கொள்வானா? நல்ல கனவாக அல்லவா பார்த்துப் பார்த்துப் படைத்துக்கொள்வான்? ஆகவே படைக்கிறவர் ஈசுவரன். எல்லாரும் தூங்கும்போது தூங்காமல் விழித்திருந்து வேண்டியதை ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்கிறவர் என்று கடோபநிடதம் சொல்கிறதே, அவர்.

இந்த இடத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்ட கனவு கண்ட காலைகளில் அப்பத்தா முணுமுணுப்பது இதேதான்: "நானா கேட்டேன் இதை?"

ரங்கூன் கேள்விக்கும் பதில் இருக்கிறது. பாயில் கிடக்கிற உடம்பு அங்கேயே கிடக்கட்டும், அதே ஜாடையில் இன்னோர் உடம்பும் படைக்கப்படுகிறது. அந்த உடம்போடுதான் அவன் வேறு நாட்டுக்குப் போகிறான், பட்டாபிஷேகம் செய்துகொள்கிறான், தலையையும் வெட்டுக் கொடுக்கிறான். பழைய உடம்போடு போனால்தானே அங்கே விழிக்க வேண்டும்? எதற்காக இவ்வளவு ஏற்பாடு என்றால், அவரவர் செய்த புண்ணிய பாவத்துக்கு உரிய பலனைக் கொடுக்க. இதை நான் எனக்குள் செட்டிநாட்டுக் கணக்காக மாற்றிப் புரிந்துகொண்டேன். ஒரு பிறவி எடுத்துத் தீர்க்க வேண்டிய பெரிய பாக்கி ஒன்று, ஒரு ராத்திரியில் தீர்ந்துபோகிற சில்லறைப் பாக்கி ஒன்று. சில்லறை என்பதால் அது காசு இல்லை என்று ஆகிவிடாதே!

இந்தப் படைப்புக்கு இராமானுசர் இரண்டு வரம்பு வைக்கிறார். கனவுத் தேர் அதைக் காண்கிறவனுக்கு மட்டும், காண்கிற அந்த நேரத்துக்கு மட்டும். அடுத்த பாயில் படுத்திருப்பவனுக்கு அதில் பங்கில்லை, விடிந்தால் அது இல்லை. எத்தனை பேர் பார்த்தார்கள், எவ்வளவு நேரம் இருந்தது என்பதைக் கொண்டு உண்மையை அளக்க அவர் ஒப்பவில்லை. உண்மைக்கும் அவற்றுக்கும் முடிச்சுப் போட்டுத்தான் நாமெல்லாம் பழகியிருக்கிறோம்.

இதை வெறும் தர்க்கத்துக்காக எழுதியவராகவும் அவர் தெரியவில்லை. மேல்கோட்டையில் மண்ணுக்குள் மறைந்து கிடந்த திருநாராயணர் இருக்குமிடம் அவருக்குக் கனவில் சொல்லப்பட்டது என்றும், போய்த் தோண்டி எடுத்தார் என்றும் அவருடைய வரலாறு சொல்கிறது. அப்பத்தா தேங்காயை எடுத்துக்கொண்டு போனாள், இவர் கடப்பாரையோடு ஆளனுப்பினார்.

ஆனால் இராமானுசருக்கு இந்தத் தைரியம் உபநிடதத்திலிருந்து மட்டும் வந்திருக்காது என்பது என் ஊகம். அவருக்குக் 'கோயில் அண்ணன்' என்று ஒரு பேர் உண்டு. யாருக்கு அண்ணன்? ஆண்டாளுக்கு. நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் அழகருக்குத் தருவதாக அவள் பாட்டில் நேர்ந்துகொண்டாள். சில நூற்றாண்டு கழித்து இவர் அழகர்மலைக்குப் போய் அதைச் செலுத்திவிட்டு வந்தார். பாட்டில் சொன்னதையே கடனாக எடுத்துக்கொண்டவர் கனவில் கண்டதை எப்படித் தள்ளுவார்?

ஆண்டாள் கதையைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அதில் நனவில் நடப்பதைவிடக் கனவில் நடப்பதுதான் அதிகம். தொடங்குவதும் எங்கள் பக்கத்து ஆளிடம்தான். பாண்டியன் வல்லபதேவனுக்குப் பரம்பொருள் எது என்று சந்தேகம் வந்தபோது வித்துவான்களைக் கூட்டிப் பொற்கிழி கட்டச் சொன்னவர் திருக்கோஷ்டியூர்ச் செல்வநம்பி. பெரியாழ்வாரே தன் பாசுரத்தில் பேர் சொல்லிப் புகழ்கிற மனிதர். அந்தச் சபைக்குப் போ என்று வில்லிபுத்தூரில் பூந்தோட்டம் வைத்திருந்த விஷ்ணுசித்தருக்குப் பெருமாள் கனவில் சொல்கிறார். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையை வைத்துக்கொண்டா நான் கிழி அறுப்பது என்று இவர் மறுக்கிறார். முடிவில் போகிறார், ஜெயிக்கிறார். பிறகு மகள் சூடிப் பார்த்த மாலையைத் தோஷம் என்று ஒதுக்கி வைத்த ராத்திரி இன்னொரு கனவு: எனக்கு அந்த மாலைதான் வேண்டும். கடைசியில் திருவரங்கத்திலிருந்து பல்லக்கு வந்ததும் கனவில் இட்ட உத்தரவால்தான். கதையின் கீல்கள் எல்லாம் ராத்திரியில்தான் திரும்புகின்றன.

இவற்றுக்கு நடுவில் அவள் கண்ட கனவு. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களில் ஆறாவது பதிகம், 'வாரணமாயிரம்' என்றால் எல்லாருக்கும் தெரியும். ஆயிரம் யானை சூழ மாப்பிள்ளை வருவதில் ஆரம்பித்து, பந்தல், கோடிப் புடவை, காப்புக் கட்டு, கைப்பிடி, தீவலம், அம்மி மிதி, பொரி முகந்து இடுவது, மஞ்சனம் என்று ஒரு கல்யாணத்தின் நிரல் முழுக்க வரிசை தப்பாமல் வருகிறது. கனவு இவ்வளவு ஒழுங்காக வருமா என்று கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனாலும் ஒவ்வொரு பாட்டையும் முடிக்கும்போது இது கனவில் கண்டது என்று தோழியிடம் சொல்லிவிட்டுத்தான் நகர்கிறாள். எதையும் மறைக்கவில்லை. இதில் தாலி கட்டுகிற காட்சி இல்லை என்பது பலரும் கவனித்த விஷயம். தாலி தமிழர் வழக்கமா என்று அறிஞர்கள் மோதிக்கொண்ட காலத்தில் இந்தப் பதிகமும் சாட்சிக்கூண்டில் ஏறியது. கனவைச் சாட்சியாக ஏற்கலாமா என்று இரு தரப்பிலும் யாரும் ஆட்சேபித்ததாகத் தெரியவில்லை!

இன்று வைணவக் கல்யாணங்களில் இந்தப் பதிகத்தைச் சேவிக்கிறார்கள். பாசுரத்துக்குப் பாசுரம் இரு வீட்டாரும் எதிரெதிராக உட்கார்ந்து தேங்காய் உருட்டி விளையாடுவார்கள். நண்பர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மஞ்சள் பூசிய காய், கண் இருக்கிற பக்கம் கனத்துக் கோணல்மாணலாக உருண்டு, மாப்பிள்ளையின் சித்தப்பா பட்டு வேட்டிக்குள் போய் முட்டியது. எல்லாரும் சிரித்தார்கள். நனவில் கல்யாணமே ஆகாத ஒரு பெண் கண்ட கனவைச் சொல்லித்தான் நனவில் கல்யாணமாகிற பெண்ணை வாழ்த்துகிறோம். யாருக்கும் அது முரணாகப் படவில்லை. மறுநாள் காலை இட்லிக்கு வந்த சட்னியில் அந்தத் தேங்காய்தான் என்று சமையல்காரர் சொன்னார்.

ஆண்டாளின் கனவு அவளோடு முடியவும் இல்லை. கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரை ஸ்ரீகாகுளத்தில் தங்கிய கிருஷ்ணதேவராயருக்கு விடியும் நேரத்துக் கனவில் ஆந்திர விஷ்ணு வந்து, ஆண்டாள் கல்யாணத்தைத் தெலுங்கில் பாடு என்றார். அப்படிப் பிறந்ததுதான் 'ஆமுக்தமால்யதா'. காவியத்தின் தொடக்கத்தில் ராயரே இதைச் சொல்கிறார்.

வைணவர்களுக்கு மட்டும்தான் இந்த வழக்கு என்று நினைக்க வேண்டாம். பெரியபுராணத்துப் பூசலார் திருநின்றவூரில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே ஒரு கோயில் கட்டினார். கல் சுமந்து, தச்சர் வைத்து, நாள் குறித்து, கிணறுகூட வெட்டினார். அதே நாளில் காஞ்சியில் கற்றளிக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவனின் கனவில் சிவன் வந்து, நாளைக்குப் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, நீ வேறு நாள் பார் என்கிறார். அரசன் நாளை மாற்றிவிட்டு அந்தக் கோயிலைத் தேடித் திருநின்றவூருக்கே வந்துவிடுகிறான். ஊரில் கேட்டால் அப்படி ஒரு கோயிலே இல்லை என்கிறார்கள். மனக்கோயிலுக்கும் கல்கோயிலுக்கும் ஒரே தேதியில் இடிக்கிறது, பஞ்சாயத்து கனவில் நடக்கிறது.

இப்போதும் இதற்கு ஓர் ஆபீஸே நடக்கிறது என்று சொல்லலாம். காங்கேயம் பக்கம் சிவன்மலை முருகன் கோயிலில் 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி' என்று ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து இன்ன பொருளை வை என்பார். அவர் வந்து கோயிலில் சொல்ல வேண்டும். சுவாமி முன்னால் பூப்போட்டுக் கேட்டு, சம்மதம் வந்தால் பொருளைப் பெட்டியில் வைப்பார்கள். இன்னொருவர் கனவில் அடுத்த உத்தரவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர், உப்பு, மஞ்சள், துப்பாக்கி என்று பலதும் இருந்திருக்கின்றன. சுனாமிக்கு முன்னால் தண்ணீர் வைத்திருந்தார்கள் என்று சொல்லிச் சொல்லி மெய்சிலிர்ப்பவர்கள் உண்டு. பலன் பார்க்கிற அந்தச் சமாசாரத்தில் எனக்கு ஆர்வமில்லை. வெறும் கையோடு மலையேறி வந்து 'நான் கனவு கண்டேன்' என்று சொல்கிற முன்பின் தெரியாத ஒரு மனிதரை உட்காரவைத்து விசாரிக்க ஓர் இடம் இருக்கிறதே, அதில்தான் என் ஆர்வம். இராமானுசர் வைத்த முதல் வரம்பை இந்தப் பெட்டி மீறுகிறது. ஒருவருக்கு மட்டும் வந்ததை ஊரே கண்ணாடி வழியாகப் பார்க்கிறது.

கணித மேதை ராமானுஜனை இங்கிலாந்துக்கு அனுப்பியதும் ஒரு கனவுதான். கடல் தாண்டக் கூடாது என்று பிடிவாதமாக இருந்த தாயார் கோமளத்தம்மாளின் கனவில் நாமகிரித் தாயார் வந்து, குறுக்கே நிற்காதே என்றாள். 1914 மார்ச்சில் அவர் கப்பலேறினார்.

எதிர்க்கட்சி இல்லாமல் இல்லை. திருச்சுழியில் 1879இல் பிறந்த ரமண மகரிஷி, நனவு நீளம், கனவு குறைச்சல், இதைத் தவிர இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை என்றார். கேட்பதற்கு அப்பத்தா சொல்வதுபோலவே இருக்கும். ஆனால் அவர் நனவைக் கீழே இறக்கிக் கனவோடு உட்காரவைக்கிறார், இரண்டிலிருந்தும் விழித்துக்கொள் என்கிறார். ஆண்டாள் கனவைக் கைபிடித்து மேலே ஏற்றி நனவின் பக்கத்தில் உட்காரவைக்கிறாள். சமதளம் ஒன்றுதான், வந்து சேர்ந்த படிக்கட்டு வேறு. அப்பத்தா எந்தப் படிக்கட்டு என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

ஏனென்றால் ஒரு தை மாதம் அவள் அடுத்த வீட்டுக்காரம்மாவோடு இரண்டு நாள் பேசவில்லை. குழாயடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. விசாரித்தால் ராத்திரிக் கனவில் அவள் வந்து, தென்னமட்டை விஷயமாக அப்பத்தாவை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டாளாம். அப்பா தலையில் அடித்துக்கொண்டார். இராமானுசர் இருந்திருந்தாலும் அப்பா பக்கம்தான் பேசியிருப்பார்: அந்தக் கனவு உனக்கு மட்டும் படைக்கப்பட்டது அம்மா, அவளுக்கு அதில் பங்கில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் பணியாரத்தை வைத்து மூடி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"அயித்த, கனவுல ஏதாச்சும் தப்பாப் பேசியிருந்தா மனசுல வச்சுக்காதீக."

அப்பத்தா கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"மட்டையைப் பத்திப் பேசுனதுகூடப் பரவால்லடி. எம் மகனைச் சொன்ன பாரு, அதான்."

"இனிமேச் சொல்லலை அயித்த" என்றாள் அவள்.